பசைத் தடம்

ஞாயிறு, காலை

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே முக்கால்வாசி பேர்தான் நலம் என்பதால் கை வரவில்லை. பதறாதே, முழுக்கப் படி.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அத்தான் எதிரே வந்து நின்றுகொண்டு, தான் நன்றாக இருப்பதாகச் சொல்லும்படி சைகை காட்டுகிறார். உன் பக்கத்திலோ நீ பார்த்துக்கொள்ளும் அந்த வீட்டு அம்மாள், பாஷை புரியாவிட்டாலும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்கிறாய். நடுவில் யாரும் நிற்காமல் பேசக் கடிதம்தான் சௌகரியம். வழக்கம்போல் பக்கங்களைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பிவிடுகிறேன்.

போன வாரம் உன் அத்தான் கடைசி நடை முடித்து பஸ்ஸை டிப்போவில் நிறுத்தியவர், இறங்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டதாம். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் சரியாகிவிட்டது. வீட்டில் சொல்லக் கூடாது என்று கண்டக்டரிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். அந்தக் கண்டக்டரின் மனைவி எங்கள் கார்மென்ட்ஸில் என் லைனில் பட்டன் வைக்கிறவள் என்பது அவருக்கு மறந்துபோயிற்று. மறுநாள் டீ இடைவேளைக்குள் செய்தி எனக்கு வந்துவிட்டது.

டிப்போ டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, கோடெல்லாம் ஒழுங்காக இருக்கிறது, போய் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். எனக்கு அங்கேயே சந்தேகம். படியில் உட்கார்ந்த மனுஷனுக்கு ஒன்றுமில்லை என்றால் என்ன அர்த்தம்? விடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே இதய டாக்டர் ஒரு பெண். ரொம்பப் பொறுமையாகப் பேசுகிறார். அவ்வளவு பொறுமையாகப் பேசுகிறவர்களைக் கண்டால் நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஈ.சி.ஜி. என்பது ஒரு நிமிஷம்கூட நீடிக்காத பார்வையாம். உன் அத்தானுக்கு இருப்பது எப்போதாவது வந்து போகிற கோளாறாக இருக்கலாமாம். அது வருகிற நேரத்தில் பார்த்தால்தான் உண்டு. எனக்கு உடனே எங்கள் தையல் மெஷின்தான் நினைவுக்கு வந்தது. சட்டைக்குச் சட்டை தையல் தாண்டுகிறது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். அவர் வந்து உட்கார்ந்ததும் நல்ல பிள்ளையாகத் தைக்கும். அவர் எழுந்து போனதும் மறுபடி தாண்டும். பக்கத்திலேயே நாளெல்லாம் உட்கார்ந்திருந்தால்தான் பிடிபடும்.

அப்படி உட்கார்ந்து பார்க்க ஒரு பெட்டி கொடுத்திருக்கிறார்கள். தீப்பெட்டி அளவுதான். இடது மார்பில் ஒட்டுகிற இரண்டு வட்டங்கள், அதன் மேல் பெட்டியைச் சொருக வேண்டும். இரண்டு வாரம் குளியல் நேரம் தவிரக் கழற்றக் கூடாது. ஒட்டு தளர்ந்தால் மாற்றிக்கொள்ள ஒரு கவர் நிறைய வட்டங்கள் தந்தார்கள். படபடப்போ தலைசுற்றலோ வந்தால் பெட்டியிலுள்ள பட்டனை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டாலும் அது தன்பாட்டுக்குப் பதிவுசெய்துகொண்டே இருக்கும். திரும்பக் கொடுத்ததும் கம்ப்யூட்டரில் போட்டுப் படிப்பார்களாம்.

யார் படிப்பார்கள் என்று கேட்டேன். நாங்கள்தான் என்றார் டாக்டர். டிப்போவுக்குப் போகுமா என்று கேட்டேன். நீங்கள் சொல்லாமல் போகாது என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தப் பெட்டியின் ஓரத்தில் ஊசி நுழைகிற அளவு ஒரு ஓட்டை வேறு இருக்கிறது. பேச்சையும் பிடிக்குமோ என்று முதல் நாள் முழுக்க நான் மெதுவாகவே பேசினேன். உன் அத்தானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தன் நெஞ்சில் ரகசியம் ஒன்றும் கிடையாது, பதிவானால் என் திட்டுதான் பதிவாகும் என்றார்.

சிரிப்பெல்லாம் அந்த ஒரு நாள்தான். அவருடைய பயம் எனக்குத் தெரியும். டிரைவருக்கு நெஞ்சில் கோளாறு என்று எழுதிவிட்டால் ஸ்டியரிங் பக்கமே விடமாட்டார்கள். கேட் அறையில் உட்காரவைத்து, போகிற வருகிற வண்டிகளுக்குக் கை காட்டச் சொல்வார்கள். பஸ் ஓட்டாத நாளில் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகூடக் காலால் பிரேக் போடுகிற மனுஷன். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் படியில் உட்கார்ந்தது ஓடுகிற பஸ்ஸில் நடந்திருந்தால் என்று நினைத்தால் அதைவிடப் பெரிய பயம் வருகிறது.

உன் வீட்டுக்காரர் சௌக்கியம். டிப்போ டிரைவர்கள் நடுவில் அவருக்குப் "பாறை" என்ற பெயர் இன்னும் நன்றாகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வருஷா வருஷம் நடக்கும் உடல் பரிசோதனையில் முதல் ஆளாகத் தேறி வெளியே வருகிறவர் அவர்தானாம். இங்கேதான் சாப்பிடுகிறார், உடுப்பெல்லாம் நான்தான் துவைக்கிறேன். நீ எழுதியிருந்தபடி, குளிக்கும்போது கதவைத் தாழிட வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். இதென்னடி வினோதமான அக்கறை? கடல் தாண்டிப் போயும் புருஷனின் குளியலறைத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்.

இன்னொன்று. நேற்று சகலைகள் இரண்டு பேரும் பின்வாசல் படியில் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் துணி எடுக்கப் போனதும் பேச்சு நின்றுவிட்டது. உன் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்து, மழை வரும் போலிருக்கிறது என்றார். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்த அம்மாளைத் தூக்கி உட்காரவைக்கும்போது இடுப்பை வளைக்காதே, முட்டியை மடக்கு.

என்றும் உன் நினைவாக,
அக்கா


திங்கள், வேலை முடிந்து

அன்புள்ள சின்னவளே,

உன் கடிதம் கிடைத்தது. என் சந்தேகத்துக்கு ஒரு மருந்து கண்டுபிடித்தால் உலகத்தில் பாதி சண்டை குறையும் என்று எழுதியிருக்கிறாய். சரி. இதையும் படித்துவிட்டு அப்புறம் சொல்.

உன் அத்தான் அந்தப் பெட்டியை மாட்டுவதில்லை. இது சந்தேகம் இல்லை, பார்த்தது. முதல் சில நாள் அவர் பனியனைத் துவைக்கும்போது இடது பக்கம் உள்ளே பசைத் தடம் இருந்தது. வட்டமாக, ஓரத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு, வெந்நீரில் போட்டாலும் போகாமல். சட்டையில் லேபிள் ஒட்டிப் பிரித்த தடத்தை விரலால் தடவியே கண்டுபிடிக்கிறவள் நான். அதற்குத்தான் எனக்கு சம்பளமே. அப்புறம் திடீரென்று தடம் நின்றுவிட்டது. பனியன் கடையில் வாங்கியது மாதிரி சுத்தமாக வருகிறது.

அதே சமயம் மனுஷன் கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றுகிறார். கல்யாணமான நாளிலிருந்து ஈரத் துண்டோடு வீடெல்லாம் சுற்றி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர், இப்போது புது மாப்பிள்ளை மாதிரி கூச்சப்படுகிறார். சனிக்கிழமை அவருக்கு ஓய்வு நாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஸ்டூல் மேல் ஏறி மின்விசிறி துடைத்தார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கையைத் தூக்கியதும் பனியனின் கை ஓட்டை வழியாக நெஞ்சு தெரிந்தது. பெட்டியும் இல்லை, வட்டமும் இல்லை. கேட்டேன். தூசி விழுமென்று கழற்றி வைத்ததாகச் சொன்னார். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். பத்திரமாக இருக்கிறது என்றார். அதற்கு மேல் பழைய பாட்டு ஒன்றை எடுத்துப் பாட ஆரம்பித்துவிட்டார். பேச்சை மாற்ற வேண்டுமென்றால் அவர் பாடுவார் என்பது உனக்கே தெரியும்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு வேறு எண்ணமும் வந்தது. இந்த வயதில் ஒரு ஆண் திடீரென்று கதவைச் சாத்தினால் எந்த மனைவிக்கும் அது ஒரு நிமிஷம் வந்துதான் போகும். சட்டையை முகர்ந்துகூடப் பார்த்தேன். டீசல் வாசனைதான் அடித்தது. அந்த விஷயத்தில் மனசு ஆறிவிட்டது.

இனி சொல்லப் போவதுதான் முக்கியம். உட்கார்ந்து படி.

வியாழக்கிழமை உன் வீட்டுக்காரர் உடுப்பை ஊறவைத்தேன். அவர் பனியனின் இடது பக்கம் உள்ளே அதே பசைத் தடம். அதே வட்டம், அதே இடைவெளி. அப்புறம்தான் கவனிக்கிறேன், எவ்வளவு வெக்கையானாலும் கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு வருகிறார். சாப்பிடும்போது சட்டைக்கு மேலாகவே நெஞ்சைச் சொறிகிறார். இரண்டு நாளாகச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார், இங்கே உட்காருவதில்லை.

எனக்குப் புரிந்தது இதுதான். அவருக்கும் ஏதோ வந்திருக்கிறது. அவருக்கும் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறார்கள். உன்னிடம் சொல்லவில்லை. உன் அத்தானுக்குத் தெரியும், இரண்டு பேரும் கூட்டு. பின்வாசல் குசுகுசு இதுதான். நேராகவே கேட்டுப் பார்த்தேன். உடுப்புத் துணி புதுசு, அரிக்கிறது என்றார். புதுத் துணி வட்டமாக அரிக்குமா என்று கேட்டேன். அவசர வேலை இருப்பதாக எழுந்து போய்விட்டார்.

நீ உடனே போன் போட்டு அழாதே. ஜாடையாகக் கேள். உனக்குத் தெரிந்து அவருக்கு எதாவது உண்டா? எனக்குத் தெரியாமல் உங்கள் இரண்டு பேருக்குள் எதாவது இருக்கிறதா? கோபிக்காதே. அக்கா கேட்காமல் யார் கேட்பார்கள்?

மற்றபடி ஊர்ச் செய்தி ஒன்றும் பெரிதாக இல்லை. சனிக்கிழமை மதியம் உன் வீட்டுக்காரர் பஸ்ஸை உள்ளே கொண்டுவரும்போது டிப்போ கேட் தூணில் உரசிவிட்டார். பக்கவாட்டில் நீளமாகக் கீறலாம். காவலாளி கேட்டைப் பாதிதான் திறந்திருந்தான் என்று இவர் சொல்கிறார். முழுக்கத் திறந்திருந்ததாகக் காவலாளி சொல்கிறான். இத்தனை வருஷத்தில் பாறை உரசியது இதுதான் முதல் தடவை என்று டிப்போ முழுக்க ஒரே கேலி.

லைனில் புது சூப்பர்வைசர் வந்திருக்கிறாள். என்னைப் பார்த்தால் பயப்படுகிறாள். நல்லதுதான்.

உன் பதிலை எதிர்பார்த்துப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அக்கா


வெள்ளி, மதியம்

என் கண்ணே,

இதையும் எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பிவிடுவேன். வந்ததும் உடனே திறந்துவிடு. பேசலாம் என்றால் உன் குரலைக் கேட்டதும் நான் உடைந்துவிடுவேன், உனக்கு ஒன்றும் விளங்காது. அதனால் எழுதுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு, அந்த அம்மாளிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, முதலில் உன் வீட்டுக்காரருக்குப் போன் செய். எனக்கு அப்புறம் செய்.

நீ ஜாடையாகக் கேட்டதற்கு அவர் சிரித்து மழுப்பிவிட்டார் என்று எழுதியிருந்தாய். உனக்கு எதாவது தெரியுமா என்று நான் கேட்டதற்கு நீ பதிலே எழுதவில்லை. அதைக் கவனித்தேன். பிறகு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை பெட்டியைத் திருப்பிக் கொடுத்தோம். நேற்றுக் காலையே ஆஸ்பத்திரியிலிருந்து போன். உடனே கூட்டி வாருங்கள், அவர் எந்த வண்டியும் ஓட்டக் கூடாது என்றார்கள். டாக்டர் அறையில் உட்கார்ந்ததும் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கோடு மேலும் கீழுமாக ஓடிக்கொண்டே வந்து, நடுவில் தரையில் நூலைப் போட்ட மாதிரி நீட்டமாகக் கிடந்தது. அந்த நேரம் முழுக்க இதயம் அடிக்கவில்லை என்றார். பிறகு தானாகவே ஆரம்பித்திருக்கிறது. இப்படி ஒரு தடவை இல்லை, பல தடவை. தோளுக்குக் கீழே ஒரு சின்னக் கருவி பொருத்த வேண்டும், இதயம் நிற்கும்போது அது தட்டிக்கொடுக்கும், தள்ளிப்போடக் கூடாது என்றார். இவ்வளவு நடந்தும் ஒரு தடவைகூடப் பட்டனை அமுக்கவில்லையே, உங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லையா என்றும் கேட்டார்.

உன் அத்தான் முகம் வெளுத்துப்போயிற்று. எந்த நாளில் என்று மட்டும் கேட்டார். டாக்டர் பார்த்துச் சொன்னார். முதல் சில நாளில் ஒன்றுமில்லையாம். அதற்கப்புறம் துடிப்பின் வடிவமே கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறதாம், வட்டத்தை இடம் மாற்றி ஒட்டியிருப்பீர்கள் என்று நினைத்தேன் என்றார். எல்லாவற்றையும்விட நீளமாக நின்றது சனிக்கிழமை மதியம்.

சனிக்கிழமை மதியம் நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷன் மேலே நின்று பாடிக்கொண்டிருந்தார். நெஞ்சில் பெட்டி இல்லை, இந்தக் கண்ணால் பார்த்தேன். அப்படியென்றால் அந்தப் பெட்டி யார் நெஞ்சில் இருந்தது?

டாக்டர் முன்னால் கேட்கவில்லை. வெளியே வந்து, மருந்து வாங்க வரிசையில் நிற்கிறவர்களைத் தாண்டி, சுவரோரம் இழுத்துக்கொண்டு போய் அவர் கண்ணையே பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அது என் நெஞ்சு இல்ல. சகலையோடது. டிப்போவுலயே நல்ல நெஞ்சா பார்த்துத்தான்டி கொடுத்தேன்."

இரண்டு பெட்டி என்று நினைத்தேனே தவிர, ஒரே பெட்டி ஆள் மாறியது என்று எனக்குத் தோன்றவே இல்லை பார். ஒரு மனுஷன் இன்னொருவனின் நெஞ்சை இரவல் வாங்குவான் என்று யார் நினைப்பார்கள்? வேலை போய்விடும் என்ற பயத்தில் கேட்டிருக்கிறார். உன் வீட்டுக்காரரும் சகலைக்காக ஒட்டிக்கொண்டு, அரிப்பைப் பொறுத்துக்கொண்டு, உன்னிடமும் என்னிடமும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். நல்ல மனசுதான். திட்டக்கூட வாய் வரவில்லை.

உன் அத்தானை அப்படியே திருப்பி டாக்டர் அறைக்குள் தள்ளினேன். நடந்ததைச் சொன்னார். டாக்டரின் பொறுமை அப்போதுதான் போயிற்று. அதுவும் கொஞ்ச நேரம்தான். பிறகு, கோபப்பட இப்போது நேரமில்லை, அந்த மனிதரை இன்றைக்கே கூட்டி வாருங்கள் என்றார். உன் அத்தானுக்கு முதலிலிருந்து புதுப் பெட்டி கொடுத்தார். இனி தினமும் காலையில் நானே ஒட்டுவேன், மாலையில் நானே தடவிப் பார்ப்பேன். பரிசோதனை முடியும்வரை ஸ்டியரிங் வேண்டாம் என்று அவரே டிப்போவில் சொல்லிவிட்டார். இன்று முதல் கேட் அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் பயந்த மாதிரி உடைந்துபோகவில்லை. அவர் நினைப்பு முழுக்க உன் வீட்டுக்காரர் மேல்தான்.

டாக்டர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். உன் வீட்டுக்காரர் இதற்கு முன் எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறாரா என்று. எனக்குத் தெரியாது என்றேன்.

நேற்று மாலையே இரண்டு பேரும் உங்கள் வீட்டுக்குப் போனோம். உன் வீட்டுக்காரர் துணி மடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் சொன்னோம். முதலில் சிரித்தார். பிறகு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு போய் வேறு ஏதோ வந்தது. முதல் சில நாள் பெட்டி உன் அத்தான் நெஞ்சில்தானே இருந்தது, அப்போது பதிவானதை இப்போது தன் மேல் போடுகிறோம் என்றார். தேதியைச் சொன்னோம். தேதியை நீங்கள் சொல்கிறீர்கள், நான் பார்த்தேனா என்றார். தூணில் உரசியதும் அதே சனிக்கிழமை மதியம்தானே என்றேன். அது காவலாளி தப்பு என்றார். நான் விடாமல் பேசவும், மடித்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"எல்லாத்தையும் சந்தேகப்படறது நீங்கதான் அக்கா. இந்த ஒரு தடவை நான் சந்தேகப்பட்டுக்கறேன். உங்க வீட்டு நோயை என் நெஞ்சுல ஒட்டாதீங்க."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. கோபத்தில் இல்லை. அவர் பேசியது அப்படியே என் பேச்சு. நான் இத்தனை வருஷம் டாக்டரை, டிப்போவை, பால்காரரை, உன் அத்தானை எல்லாம் இப்படித்தானே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவை நான் சொல்வது நூற்றுக்கு நூறு நிஜமாக இருக்கும்போது, அதைக் கேட்க எதிரில் என்னைப் போலவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

டாக்டரிடம் வந்து நீங்களே அந்தத் தேதியைப் பாருங்கள் என்று உன் அத்தான் கையைப் பிடித்துக் கெஞ்சினார். தான் பாறை என்றும், தனக்கு ஒன்றும் இல்லை என்றும் சொல்லிக் கையை உதறிவிட்டார். வெளியே வந்ததும் உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் பளிச்சென்று உறைத்தது. குளிக்கும்போது கதவைத் தாழிட வேண்டாம் என்று சொல்லச் சொன்னாயே.

சின்னவளே, ஒரு மனைவி ஏன் அப்படிச் சொல்லியனுப்புவாள்? வெளிநாடு போன எந்தப் பெண்ணும் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேட்பாள். தாழ்ப்பாளை யார் கேட்பார்கள்? நீ கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவர் நெற்றியில் ஒரு கட்டு இருந்தது. குளியலறையில் சோப்பு வழுக்கிவிட்டது என்று அவர் சொன்னார். நீ பக்கத்தில் நின்றுகொண்டு ஆமாம் என்றாய். நான் அதை நம்பினேன். எதையும் நம்பாத நான் அதை நம்பிவிட்டேன், ஏனென்றால் சொன்னது நீ.

நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. கேள். யாரிடமும் சொல்லாதே என்று அவர் உன்னிடம் கெஞ்சியிருப்பார். விசா வந்துவிட்டது, இந்த நேரத்தில் கிளப்பினால் நீ போகமாட்டாய் என்று சொல்லியிருப்பார். நீயும் ஒரு தடவைதானே என்று உன்னையே சமாதானம் செய்துகொண்டு விமானம் ஏறியிருப்பாய். உன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். போனதிலிருந்து உன் மனசு அந்தக் கதவுக்கு வெளியேதான் நிற்கிறது என்று இப்போது எனக்குப் புரிகிறது.

இன்றும் நாளையும் அவருக்கு ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரை வழி நடை, பஸ் நிறைய ஜனம் இருக்கும். அதற்குள் அவர் டாக்டரிடம் போகவில்லை என்றால், நானே டிப்போ மேனேஜர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். ஆள் மாறாட்டம் என்று இரண்டு பேர் வேலையும் போகலாம். உன் அத்தானிடம் சொன்னேன். போகட்டும் என்றார். உன் வீட்டுக்காரர் என்னோடு ஜென்மத்துக்கும் பேசமாட்டார். அதுவும் போகட்டும், உயிரோடு இருந்து பேசாமல் இருக்கட்டும். ஆனால் அப்படி இழுத்து இறக்கப்பட்டு அவர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்று ஆசைப்படுகிறேன். நீ சொல்லி, தானாக நடந்து போகட்டும்.

அவர் எங்களை நம்பவில்லை. பெட்டியை நம்பவில்லை, டாக்டரை நம்பவில்லை. நீ அந்தக் குளியலறையில் பார்த்ததை இல்லையென்று அவரால் சொல்ல முடியாது. அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்குப் பதில் சொல்ல வேண்டாம், அவரிடம் சொல். அன்றைக்கு நீ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது தரையில் சோப்பு கிடந்ததா?

நீ நன்றாக இருக்க வேண்டும். அவரும் நன்றாக இருந்து, நீ திரும்பி வரும் நாளில் உன் பெட்டியைத் தூக்கிக்கொள்ள வாசலில் நிற்க வேண்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அக்கா